எம்பயர் ராஞ்சின் மண்கல் சுவர்கள்: எப்படி நிற்கின்றன, எதனால் சாய்கின்றன, எப்படிப் பழுது பார்ப்பது

கேள்வி இது: அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள எம்பயர் ராஞ்ச் என்ற பழைய மாட்டுப் பண்ணையின் வீடு சுடாத மண்கல்லால் ஆனது. அதன் மூத்த அறைகள் ஒன்றரை நூற்றாண்டாக நிற்பது எப்படி? அந்தப் பக்கத்தில் பழைய அடோபி (சுடாத மண்கல்) கட்டடங்களிலிருந்து சிமெண்ட் பூச்சைப் பெயர்த்து எடுக்கிறார்களே, ஏன்? எடுத்த பிறகு சுவரை எப்படிச் சரி செய்கிறார்கள்? நிலநடுக்கம் வந்தால் என்ன ஆகும்?

முதலில் சுருக்கமான பதில். மண்சுவருக்கு நனைவதைவிடப் பெரிய ஆபத்து, நனைந்த பிறகு காய வழியில்லாமல் போவது. கெட்டிப்படுத்துகிறோம் என்று செய்த வேலைகளே பல அடோபி சுவர்களைக் கெடுத்திருக்கின்றன. கூரை ஒழுகாமல், அடிச்சுவரில் தண்ணீர் தேங்காமல், பூச்சு மூச்சு விடும்படி இருந்தால் மண்கல் நூறு வருஷத்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். இனி விவரம்.

பண்ணை இருப்பது டூசான் நகருக்குத் தென்கிழக்கே சுமார் 80 கி.மீ. தொலைவில், சொனோய்ட்டா ஊருக்கு வடக்கே, லாஸ் சியெனெகாஸ் தேசியப் பாதுகாப்புப் பகுதிக்குள். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் புல்வெளி அது. அரிசோனா என்றதும் மணல் பாலைவனத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். ஆண்டுக்கு 40 முதல் 45 செ.மீ. மழை பெய்யும், அதில் பாதிக்கு மேல் ஜூலை முதல் செப்டம்பர் வரை இடியோடு கொட்டித் தீர்ப்பது. குளிர்காலத்தில் இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகும். ஈரமும் உறைபனியும் இரண்டுமே உள்ள இடம் என்பதால், மண்கல்லுக்கு இது சொகுசான ஊர் கிடையாது.

1876 ஆகஸ்டில் நியூஜெர்சிக்காரர் வால்டர் வெய்லும் இங்கிலாந்திலிருந்து வந்த ஹெர்பர்ட் ஹிஸ்லாப்பும் சேர்ந்து, டூசான் வணிகர் எட்வர்ட் நை ஃபிஷ் என்பவரிடமிருந்து 160 ஏக்கர் நிலத்தை வாங்கினார்கள். கூடவே 612 மாடுகளும் வந்தன. அப்போது அங்கே இருந்தது நான்கு அறை மண்கல் வீடு. தட்டையான மண் கூரை. கதவு, சன்னல் கூட ஒழுங்காக இல்லை. பிறகு ஜான் ஹார்வி என்பவரும் கூட்டுச் சேர்ந்தார். பண்ணை சில பத்தாண்டுகளில் பல நூறு சதுர மைலுக்குப் பரவியது. வெய்ல் குடும்பம் 1928 வரை வைத்திருந்தது. அடுத்து பாய்ஸ் குடும்பம் ஹியர்ஃபோர்டு மாடுகளோடு நடத்தியது. 1969இல் மனை போட்டு விற்க ஒரு நிறுவனமும், 1974இல் ஒரு சுரங்க நிறுவனமும் வாங்கின. இரண்டு திட்டமும் கைகூடவில்லை. 1988இல் நில மாற்று ஒப்பந்தம் மூலம் மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகத்துக்கு வந்து சேர்ந்தது. 1997இல் தொடங்கிய எம்பயர் ராஞ்ச் அறக்கட்டளை அந்தப் பணியகத்தோடு சேர்ந்து கட்டடங்களைப் பாதுகாத்து வருகிறது.

அந்த நான்கு அறை இன்று 22 அறை. கட்டடக்கலைஞர் யாரும் வரைபடம் போட்டுக் கட்டியதல்ல. தேவை வந்தபோதெல்லாம் பின்பக்கம் ஓர் அறை, பக்கத்தில் ஒரு சமையற்கட்டு, மாட்டுக்காரர்கள் படுக்க இன்னொன்று என்று நீண்டது. நடுவில் முன்வாசலிலிருந்து பின்னால் உள்ள பட்டி வரை நேராகப் போகும் அகலமான நடை இருக்கிறது. சாகுவான் என்பார்கள், நம் ஊர் வீட்டு ரேழி மாதிரிதான், ஆனால் குதிரையையே ஓட்டிக்கொண்டு போகலாம். அப்பாச்சி பழங்குடியினரின் தாக்குதல் பயம் இருந்த காலம் அது. வெளிச்சுவரில் திறப்புகளைக் குறைத்து, கால்நடையையும் குதிரையையும் வீட்டை ஒட்டிய மதிலுக்குள் அடைக்கும் இந்த அமைப்பு சொனோரா பக்கத்து மெக்சிகோ வீடுகளில் இருந்து வந்தது.

1880 மார்ச்சில் சதர்ன் பசிபிக் ரயில் பாதை டூசானை எட்டியது. வீட்டின் முகம் மாறியது அதற்குப் பிறகுதான். அதுவரை கிடைத்தது கைக்கெட்டிய மண்ணும் மெஸ்கீட் மரமும் (நம் சீமைக் கருவேலத்தின் இனம்). அறுத்த பலகை, கண்ணாடி, நெளி தகரம் எல்லாவற்றையும் ரயில் கொண்டுவந்து இறக்கியது. வால்டர் வெய்ல் 1881இல் திருமணம் செய்துகொண்டார். 1886இல் குடும்பத்துக்காக விக்டோரியா பாணிப் பகுதி ஒன்று சேர்ந்தது. முன்னுக்குத் துருத்திய சன்னல் வைத்த கூடம் ஒரு பக்கம், மண் கூரைக்குக் கட்டிய முரட்டு அறைகள் மறுபக்கம். இரண்டையும் ஒரே கூரை வரிசையில் பார்ப்பதுதான் இந்த வீட்டின் சுவாரசியம்.

இப்படி வளர்ந்த கட்டடத்தைப் பழுது பார்க்கப் போகிறவர் முதலில் கற்க வேண்டியது, இணைப்புகளைப் படிப்பது. புது அறையின் சுவரைப் பழைய சுவரோடு பல் கோத்துக் கட்டாமல் சும்மா முட்டவைத்து எழுப்பியிருப்பார்கள். அந்த இடத்தில் மேலிருந்து கீழ் வரை நேராக ஒரு விரிசல் தெரியும். பயந்துபோய்ச் சிமெண்ட் அடைக்கிறவர்கள் உண்டு. அது உடைசல் அல்ல. இரண்டு காலத்துச் சுவர்கள் தனித்தனியாக அசையும் கோடு. கவலைப்பட வேண்டியது, வாசல், சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலும், மூலையில் மேலே அகன்று கீழே ஒடுங்கும் விரிசலும்தான். முதலாவது, அடித்தளம் ஒரு பக்கம் இறங்குகிறது என்று சொல்லும்; இரண்டாவது, சுவர் வெளிப்பக்கம் சாய்கிறது என்று சொல்லும். விரிசல் முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, ஒரு மழைக்காலமும் ஒரு குளிர்காலமும் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும். கல்லின் அளவும் மண்ணின் நிறமும் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு மாறியிருந்தால், அவை வேறு வேறு தவணையில் அறுத்த கல் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

கல் செய்வதைப் பார்ப்போம். பழுது பார்க்கவும் இதே வேலைதான். மண்ணில் மணல் 55 முதல் 75 சதவீதம், களி 15 முதல் 30 சதவீதம், மீதி வண்டல் என்று இருந்தால் கல் நன்றாக வரும். மேல்மண் ஆகாது, அதில் வேரும் மக்கும் இருக்கும். ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படியும். வண்டல் படிய ஓரிரு மணி நேரம். களி படிந்து தண்ணீர் தெளிய ஒரு நாள் ஆகும். மூன்று அடுக்கையும் அளவுகோல் வைத்து அளந்தால் விகிதம் ஓரளவு தெரிந்துவிடும். ஆனால் புட்டிச் சோதனையை மட்டும் நம்பி ஐந்நூறு கல் அறுக்கக் கூடாது. களியில் பல வகை. சில களி ஈரத்தில் ஊதி, காயும்போது சுருங்கிப் பிளக்கும். மூன்று விகிதத்தில் நாலைந்து கல் அறுத்துக் காயவைத்துப் பார்ப்பதே சரியான சோதனை. பிளந்தால் மணல் கூட்ட வேண்டும். விரலால் தேய்த்தால் உதிர்ந்தால் களி கூட்ட வேண்டும்.

மண்ணைக் குழி கட்டி நனைத்து ஓர் இரவாவது ஊறவிடுவார்கள். மறுநாள் மிதித்துக் குழைத்து, விரல் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோலைக் கலப்பார்கள். வைக்கோல் பலம் தரும் என்று நினைப்பது பாதிதான் உண்மை; அதன் முக்கிய வேலை, உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழி கொடுத்து, கல் சீராகச் சுருங்க வைப்பது. அடி இல்லாத மர அச்சைத் தண்ணீரில் முக்கி, சமதரையில் வைத்து, சேற்றை மூலைகளில் கையால் குத்தி நிரப்பி, மேல்பக்கம் வழித்துவிட்டு உடனே அச்சை நேராக மேலே தூக்க வேண்டும். தூக்கியதும் கல் பக்கவாட்டில் பிதுங்கினால் தண்ணீர் அதிகம். அச்சில் ஒட்டிக்கொண்டு விளிம்பு பிய்ந்தால் சேறு வறட்சி, அல்லது அச்சைக் கழுவவில்லை.

வெயிலில் இரண்டு மூன்று நாள் படுக்கையாகக் காய்ந்த பிறகு, விளிம்பைச் சீவிவிட்டு, கல்லை ஒருக்களித்து நிறுத்துவார்கள். அப்படி மூன்று, நான்கு வாரம். அவசரப்பட்டு அடுக்கினால் நடுக்கல் ஈரமாகவே இருக்கும். சுவரில் ஏறிய பிறகு சுருங்கி, வரி தளரும். காய்ந்ததா என்று பார்க்க ஒன்றை உடைத்துப் பார்க்கலாம். உள்ளே நிறம் அடர்ந்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. இடுப்புயரத்திலிருந்து ஒரு மூலை படும்படி கீழே போட்டால், நல்ல கல் மூலை மட்டும் சிதையும். மட்டமான கல் துண்டு துண்டாகப் போகும். இன்றைய அமெரிக்கக் கட்டட விதிகள் புதுக் கல்லுக்குக் கேட்பது சதுர அங்குலத்துக்கு 300 பவுண்டு அழுத்தத் தாங்குதிறன், அதாவது சுமார் 2 மெகாபாஸ்கல். நல்ல சுட்ட செங்கல்லோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. தடிமனால்தான் ஈடு கட்டுகிறார்கள்.

கணக்குக்கு ஒன்று: அரிசோனாவில் பழைய கட்டடங்களில் காணும் ஓர் அளவு 18 அங்குலம், 12 அங்குலம், 4 அங்குலம், அதாவது ஏறத்தாழ 45, 30, 10 செ.மீ. எடை 23 கிலோ அளவில் வரும். 45 செ.மீ. தடிமன் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு, 2 செ.மீ. வரிச்சாந்து வைத்தால், 25 கல் பிடிக்கும். அந்த ஒரு சதுர மீட்டரின் எடை முக்கால் டன். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடிச்சுவரைக் கிண்டும்போது தலைக்கு மேல் என்ன நிற்கிறது என்று அதுதான் சொல்லும்.

சாந்தும் கல்லின் அதே மண்தான், கூழாங்கல் இல்லாமல் சலித்தது. சாந்து கல்லைவிடக் கெட்டியாக இருக்கக் கூடாது. பழைய சுவரில் வரிக்குச் சிமெண்ட் வைத்துப் பழுது பார்த்த இடங்களைப் பார்த்தால் புரியும்: சிமெண்ட் வரி தேன்கூடு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும், நடுவில் இருந்த கல் கரைந்து குழியாகியிருக்கும். சுவர் சுருங்கி விரியும்போது அந்தச் சிரமம் முழுவதையும் கல்லே தாங்க வேண்டி வருகிறது. ஈரமும் சிமெண்ட் வழியாகப் போகாமல் கல் வழியாகவே போகிறது. உப்பும் அங்கேயே படிகிறது.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். மழை நேராகச் சுவர் முகத்தில் அடித்துக் கரைப்பது மெதுவான தேய்மானம். தென்மேற்கில் பூச்சில்லாத செங்குத்துச் சுவர் இருபது ஆண்டில் ஓர் அங்குலம் தேயும் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அதைப் பூச்சு பார்த்துக்கொள்ளும். சுவரை நிஜமாகச் சாய்ப்பது அடியில் நடப்பது. தரையில் தேங்கிய ஈரம் மண்ணின் நுண்துளை வழியாக மேலே ஏறும். வரும்போது உப்பைக் கரைத்துக்கொண்டு வரும். சுவர் முகத்தில் ஈரம் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகி, துளைகளைப் பிதுக்கி உடைக்கும். குளிர்காலத்தில் அதே ஈரம் உறைந்து விரிந்து மேலும் உதிர்க்கும். கூரையிலிருந்து விழும் தண்ணீர் தரையில் தெறித்து அடிப்பது இதற்கு மேல். எல்லாம் சேர்ந்து, தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை சுவர் உள்நோக்கிக் குடையப்படும். 45 செ.மீ. சுவரில் அடியில் 15 செ.மீ. போனாலே பாரம் ஒரு பக்கமாக விழ ஆரம்பிக்கும்.

மாட்டுப் பண்ணையில் இதற்குத் தனி விசேஷம் உண்டு. பட்டியைப் பார்த்த சுவர்கள் மற்றச் சுவர்களைவிட வேகமாக உதிரும். சாணமும் மூத்திரமும் ஊறிய மண்ணில் நைட்ரேட் உப்பு ஏராளம். அது காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். சாணம் மக்கி மக்கிப் பட்டியின் தரைமட்டமும் ஆண்டுக்கு ஆண்டு உயரும். ஒரு காலத்தில் தரைக்கு மேலே இருந்த கல் அடித்தளம் புதைந்து, மண்கல்லே தரையைத் தொடும் நிலை வரும். இப்படிப்பட்ட சுவரில் முதல் வேலை பூச்சு அல்ல, மண்வெட்டி. சேர்ந்த மண்ணை வெட்டி எடுத்து, பழைய தரைமட்டத்தைக் கண்டுபிடித்து, சுவரிலிருந்து மூன்று மீட்டருக்கு 15 செ.மீ. இறக்கம் கொடுக்க வேண்டும். பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும் என்பது என் துணிபு. தொல்பொருள் புதைந்திருக்கக்கூடிய இடம் என்பதால், இதுபோன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் தொல்லியலாளர் பார்வையில்தான் தோண்டுவார்கள். சுவரை ஒட்டி ஆழமாக வடிகால் வெட்டுவது ஆபத்து. அடித்தளம் அந்தப் பக்கம் நழுவும். ஒரு மீட்டராவது தள்ளி வெட்ட வேண்டும்.

சிமெண்ட் பூச்சு இருபதாம் நூற்றாண்டில் வந்த பழக்கம். ஆண்டுதோறும் மண் பூசும் வேலைக்கு ஆளில்லை. சிமெண்ட் ஒருமுறை பூசினால் போதும் என்றார்கள். மண்ணில் சிமெண்ட் ஒட்டாது என்பதால் கோழி வலையை ஆணி அடித்துப் பதித்து அதன் மேல் பூசினார்கள். மண்சுவரும் சிமெண்டும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஒரே அளவில் விரிவதில்லை. பூச்சில் மயிரிழை விரிசல் விழும். மழை அதன் வழியாக உள்ளே போகும், வெளியே வராது. அடியிலிருந்து ஏறும் ஈரத்துக்கும் வழியில்லாமல், பூச்சுக்குப் பின்னால் மேலும் மேலும் ஏறும். வெளியே பார்த்தால் சுவர் வெள்ளை வெளேர் என்று இருக்கும். உள்ளே கல் மறுபடி சேறாகியிருக்கும். வலை போட்ட பூச்சு ஓடு மாதிரி தானாகவே நிற்கும் என்பதால், கடைசி வரை தெரியாது.

இதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டுவது நியூமெக்சிகோவின் ரான்சோஸ் தெ தாவோஸ் ஊரில் உள்ள புனித பிரான்சிஸ் தேவாலயம். 1967இல் அதற்குச் சிமெண்ட் பூசினார்கள். பன்னிரண்டே ஆண்டில், 1979இல், ஈரத்தால் சுவர் கெட்டிருப்பதைக் கண்டு முழுவதையும் பெயர்த்துவிட்டு மண் பூச்சுக்கே திரும்பினார்கள். இன்றும் பங்கு மக்கள் ஆண்டுதோறும் கூடி மண் பூசுகிறார்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காப் பணித்துறை 1978இல் வெளியிட்ட அடோபி பாதுகாப்புக் கையேடும், பழுதுக்குப் பயன்படுத்தும் பொருள் பழைய பொருளை ஒத்திருக்க வேண்டும் என்றே வற்புறுத்துகிறது. சிலிக்கோன், எபாக்சி, நீர்புகாப் பெயிண்ட் வகைகளையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சிமெண்ட் கெடுதல் என்று தெரிந்ததும் கடப்பாரையோடு போய் ஒரே நாளில் எல்லாவற்றையும் பெயர்ப்பது அதைவிடக் கெடுதல். ஊறிப்போன சுவரை அந்தப் பூச்சு ஓடுதான் பிடித்துக்கொண்டிருக்கலாம். எடுத்ததும் சுவர் அப்படியே அமர்ந்துவிடும். முதலில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, ‘டொக்’ என்று வெற்றொலி வரும் இடங்களைக் குறிக்க வேண்டும். கூரைப் பாரத்தை உள்ளேயும் வெளியேயும் முட்டுக் கொடுத்துத் தாங்க வேண்டும். தரையை ஒட்டி அரை மீட்டர் உயரத்துக்குச் சிறு சன்னல் போல ஓரிரண்டு இடத்தில் மட்டும் வெட்டி, உள்ளிருந்து ஒரு பிடி மண் எடுத்து எடை போடுங்கள். 105 டிகிரி செல்சியஸ் அடுப்பில் எடை மாறாமல் நிற்கும் வரை காயவைத்து மறுபடி போடுங்கள். 250 கிராம் 230 ஆனால், 20ஐ 230ஆல் வகுக்க, ஈரம் 8.7 சதவீதம். 4க்குக் கீழே என்றால் தைரியமாக வேலை தொடங்கலாம். பத்தை நெருங்கினால், அடிப்பட்டையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டு வாரக்கணக்கில் நிழலில் காயவிட வேண்டும். விசிறி, ஹீட்டர் வைத்து விரட்டிக் காயவைத்தால் முகம் மட்டும் சுருங்கிப் பிளக்கும்.

பெயர்க்கும்போது சக்கர ரம்பத்தால் இரண்டடிச் சதுரங்களாகப் பூச்சை மட்டும் கீறிக்கொண்டு, மேலிருந்து கீழாக எடுப்பது நல்லது. கீறாமல் இழுத்தால் பெரிய தகடாக விழுந்து சுவர் முகத்தையும் பிய்த்துக்கொண்டு போகும். வலையைப் பிடித்த ஆணிகளைப் பிடுங்காமல் வெட்டிவிடுங்கள். ஆணியோடு அரைக் கல் வந்துவிடும்.

குடைந்த அடிச்சுவரை நிரப்புவதுதான் முழு வேலையிலும் பொறுமை கேட்பது. ஒரு வீச்சில் 60 முதல் 90 செ.மீ. நீளத்துக்கு மேல் திறக்கக் கூடாது. அடுத்த துண்டை விட்டு அதற்கடுத்ததைத் திறக்க வேண்டும். உதிர் மண்ணையும் உப்பு பூத்த பொருக்கையும் கெட்டி மண் வரும் வரை சுரண்டி, குழியைப் படி படியாகச் சதுரமாக வெட்டிக்கொள்ள வேண்டும். சாய்வான குழியில் புதுக் கல் நழுவும். நன்கு காய்ந்த புதுக் கல்லை அளவாக அறுத்து, பழைய பரப்பையும் புதுக் கல்லையும் லேசாகத் தண்ணீர் தெளித்து, மண் சாந்தில் பதித்து, பழைய வரிகளோடு பல் கோத்துக் கட்ட வேண்டும். கடைசி வரிக்கும் மேலே உள்ள பழைய கல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். ஈரச் சாந்தை அப்பினால் காய்ந்து சுருங்கி இடைவெளி விழும். பாரம் புதுக் கல்லுக்கு வரவே வராது. கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கே ஈரமுள்ள சாந்தை, கட்டையால் குத்திக் குத்தி அடைக்க வேண்டும். நடுவே மெல்லிய கல் சில்லுகளையும் அடித்து இறுக்கலாம். மூன்று மீட்டர் நீளம், 60 செ.மீ. உயரம், 20 செ.மீ. ஆழக் குழிக்கு 20 கல் போதும்; உடைசலுக்கு மூன்று கூட வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சுக்கு இரண்டு வழி. மண் பூச்சுக்குச் சலித்த களிமண் ஒரு பங்கு, மணல் இரண்டு முதல் மூன்று பங்கு, நறுக்கிய வைக்கோல். சுவரிலேயே ஓரடிச் சதுரமாக மூன்று விகிதம் பூசிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். விரலளவுக்கு மேல் ஒரே தடவையில் ஏற்றினால் பிளக்கும். சில ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். அது குறையல்ல, தேய்வது பூச்சாக இருக்கட்டும் என்றுதான் பூசுகிறோம்.

இன்னொன்று சுண்ணாம்பு: ஊறிய சுண்ணாம்பு ஒன்று, முனை கூரான மணல் மூன்று பங்கு, மூன்று தடவைப் பூச்சாக. சுண்ணாம்பு மூச்சு விடும், மழைக்கும் தாங்கும். ஆனால் மண்ணோடு தானாக ஒட்டாது. அதற்காகச் சொனோராவிலும் தெற்கு அரிசோனாவிலும் பழைய கொத்தனார்கள் ஈர வரிச்சாந்தில் சிறு கல் சில்லுகளைப் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி பதித்தார்கள். பூச்சுக்கு அவைதான் பிடிமானம். பழைய சுவரில் பூச்சு விழுந்த இடத்தில் வரி வரியாகக் கல் சில்லு தெரிந்தால், அங்கே சுண்ணாம்புப் பூச்சு இருந்தது என்று அறியலாம். ஒவ்வொரு தடவைப் பூச்சையும் நேர் வெயில் படாமல் ஈரச் சாக்கு தொங்கவிட்டுப் பல நாள் காக்க வேண்டும். ஒரே நாளில் வெள்ளையாகக் காய்ந்துவிட்டால் இறுகாமல் மாவாக உதிரும். சப்பாத்திக்கள்ளி மடலை நறுக்கித் தண்ணீரில் ஊறவைத்த கொழகொழப்பான சாற்றைச் சுண்ணாம்பில் கலப்பதும் அந்தப் பக்கத்து வழக்கம். ஈரத்தைப் பிடித்துவைத்து மெதுவாக இறுகச் செய்யும்.

கூரையைப் பற்றி: முதல் வீட்டில் இருந்தது உத்தரம், அதன் மேல் குறுக்கே குச்சிகள், புல், அதற்கு மேல் மண் என்ற வகை. அரிசோனாவில் குச்சிக்குச் சகுவாரோ கள்ளியின் விலாக் கட்டைகளையும் ஒகோட்டியோ என்ற முட்செடியின் தண்டுகளையும் போடுவது உண்டு. 20 செ.மீ. மண் என்றால் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல், நனைந்தால் இன்னும் கூட. ஒழுகும்போதெல்லாம் மேலே மண் போட்டுக்கொண்டே போவார்கள். ஒரு நாள் உத்தரம் ஒடியும். தகரக் கூரை இந்தப் பாரத்தை எடுத்துவிட்டது. ஆனால் இறவாரம் நீளாத தகரம், எல்லாத் தண்ணீரையும் ஒரே கோட்டில் சுவரடியில் கொட்டும். உத்தர முனை மண்சுவருக்குள் இருக்கும் இடம்தான் முதலில் உளுக்கும்; கூர்மையான கம்பியால் குத்திப் பார்த்தால் தெரியும். கறையான் வைக்கோலுக்காகச் சுவர் வழியாகவே ஏறி வாசல் மேல்கட்டையைத் தின்னும்.

நிலநடுக்கம் பற்றிய பயம் நியாயமானதே. 1887 மே 3 அன்று எல்லைக்கு அந்தப் பக்கம் சொனோராவில் 7.5 அளவில் ஒன்று வந்தது. பாவிஸ்பே ஊரில் மண்கல் தேவாலயம் இடிந்ததில் 42 பேர் இறந்தார்கள். அரிசோனாப் பக்கம் சார்ல்ஸ்டன் சுரங்க ஊரின் அடோபி வீடுகள் மோசமாக அடிபட்டன. 1994இல் கலிபோர்னியாவில் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தின்போது ரான்சோ கமூலோஸ் பண்ணையின் அடோபி வீடும் சேதமடைந்தது.

லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கெட்டி (Getty) பாதுகாப்பு நிறுவனம் 1990களில் ஸ்டான்ஃபோர்டிலும் மாசிடோனியாவின் ஸ்கோப்யேயிலும் மாதிரிக் கட்டடங்களை நிலநடுக்கம் போல ஆட்டும் மேடையில் வைத்துச் சோதித்தது. அதில் தெளிவானது: அடோபி சுவரில் விரிசல் விழுவதைத் தடுக்க முடியாது; விரிசலுக்குப் பிறகு துண்டுகள் கவிழாமல் பிடித்துக்கொண்டால் வீடு நிற்கும். உயரத்தைத் தடிமனால் வகுத்துப் பாருங்கள். 6க்குக் கீழே தடித்த சுவர், 8க்கு மேல் மெல்லிய சுவர். மூன்று மீட்டர் உயரம், 45 செ.மீ. தடிமன் என்றால் 6.7, நடுத்தரம். ஆனால் அடியில் 15 செ.மீ. குடைந்து போயிருந்தால் மிச்சம் 30. கணக்கு 10க்குப் போய்விடும். அடிச்சுவரைச் சரி செய்வதே முதல் நிலநடுக்கப் பாதுகாப்பு என்பது இதனால்தான். அதற்கு மேல், சுவர் உச்சியைக் கூரைச் சட்டத்தோடு கட்டுவதும், சுவரின் இரு பக்கமும் நைலான் பட்டைகளை ஓட்டிச் சுவர் வழியாகக் கோத்துக் கட்டுவதும் போதிய அளவு உதவும். பூச்சுக்குள் மறைந்துவிடும், வேண்டாமென்றால் கழற்றலாம். உச்சியில் கனமான கான்கிரீட் வளையம் போடுவது ஒரு காலத்தில் வழக்கம். ஆட்டத்தில் அது தனியாகவும் சுவர் தனியாகவும் நகரும் என்பதால் பழைய கட்டடத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

தீ விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். மண் எரியாது, உண்மை. 2017 ஏப்ரலில் சாமில் காட்டுத் தீ 47,000 ஏக்கர் அளவுக்கு எரித்துக்கொண்டு எம்பயர் ராஞ்ச் வாசல் வரை வந்தது. ஆபத்து கூரைக் கட்டைக்கும் தாழ்வாரத்துக்கும் மரக் கொட்டகைகளுக்கும்தான். கூரை எரிந்து உள்ளே விழுந்தால், சுவரின் தலை திறந்துவிடும். அடுத்த மழையில் தண்ணீர் மேலிருந்து நேராக உள்ளே இறங்கும். அப்படி நேர்ந்தால் அன்றைக்கே செய்ய வேண்டியது, இடிபாட்டை வாருவதற்கும் முன்பாகச் சுவர் உச்சிகளைத் தார்ப்பாயால் மூடி, காற்றுப் போகும்படி இரு பக்கமும் கொஞ்சம் தள்ளித் தொங்கவிட்டுக் கட்டுவது. பிளாஸ்டிக் தாளைச் சுவரோடு ஒட்டிச் சுற்றினால் ஈரம் உள்ளேயே நின்று, சிமெண்ட் செய்த வேலையை அது ஒரே பருவத்தில் செய்துவிடும்.